குடும்ப சொலிசிட்டர் பேனலில் இல்லை என்கிறது வங்கி. என்ன செய்வது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஒரு வீட்டுக்கு நாங்கள் சொன்ன விலையை ஒப்புக்கொண்டார்கள். அப்பா அம்மா வீடு வாங்கியபோது எல்லாம் பார்த்துத் தந்த சொலிசிட்டரிடமே கொடுத்தோம். தனியாக அலுவலகம் நடத்துகிறார், அம்மா அவரிடம் தமிழிலேயே பேசிவிடுவார். சர்ச்சுக்கும் (வீட்டைப் பற்றி கவுன்சில் போன்ற இடங்களில் எடுக்கும் விசாரணை) பணம் கட்டிவிட்டோம். இப்போது மார்ட்கேஜ் புரோக்கர் கூப்பிட்டு, "அவர் வங்கியின் பேனலில் இல்லை. வேறு ஆளைப் பாருங்கள், இல்லையென்றால் வங்கி தனக்கென்று ஒருவரை வைக்கும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்" என்கிறார். எங்கள் வீட்டுக்கு யார் சொலிசிட்டர் என்று வங்கி எப்படி முடிவு செய்யலாம்?

பதில்: உங்கள் சொலிசிட்டர் யார் என்று வங்கி முடிவு செய்ய முடியாது. தன்னுடைய சொலிசிட்டர் யார் என்று அது முடிவு செய்யலாம். அப்படி அது ஏற்றுக்கொண்ட அலுவலகங்களின் பட்டியல்தான் பேனல். சிக்கல் என்னவென்றால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மார்ட்கேஜ் போட்டு வீடு வாங்கும்போது இந்த இரண்டு பேரும் பெரும்பாலும் ஒரே ஆள். ஒரே ஃபைலில் நீங்களும் கட்சிக்காரர், வங்கியும் கட்சிக்காரர். ஃபீஸ் கட்டுவது நாம் மட்டும் என்பதால் இது பலருக்குத் தெரிவதே இல்லை.

வங்கிக்காக அவர் செய்யும் வேலை சின்னதும் இல்லை. வீட்டின் பத்திரம், பதிவு, சர்ச் எல்லாம் பார்த்து "இந்த வீட்டின் மேல் நீங்கள் தைரியமாகக் கடன் கொடுக்கலாம்" என்று ஒரு சான்றிதழில் கையெழுத்திட்டு அனுப்புகிறார். அதை நம்பித்தான் வங்கி பணத்தை விடுவிக்கிறது. அந்தப் பணம் நேராக விற்பவருக்குப் போவதில்லை. உங்கள் சொலிசிட்டரின் கட்சிக்காரர் கணக்குக்கு வருகிறது. சாவி கை மாறும் நாளில் நான்கைந்து லட்சம் பவுண்டு அந்தச் சின்ன அலுவலகத்தின் கணக்கில் கிடக்கும். அன்று அவர் அடமானத்தைச் சரியாகப் பதியாமல் விட்டாலோ, பணத்தோடு காணாமல் போனாலோ, வங்கியின் கையில் ஒன்றும் இருக்காது. 2008 நிதிச் சரிவுக்குப் பிறகு வங்கிகள் தங்கள் பட்டியல்களை ஒவ்வொரு பெயராகத் துருவியதற்கு இதுவே காரணம்.

பட்டியல்கள் இப்படிச் சுருங்கியதில் பெரிய சண்டை 2012-இல் நடந்தது. அந்த ஜனவரியில் எச்.எஸ்.பி.சி. தன் பேனலை 43 நிறுவனங்களாகக் குறைத்தது. நாட்டில் ஆயிரக்கணக்கான ஹை ஸ்ட்ரீட் அலுவலகங்கள் இருக்க, வெறும் 43. சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டி கொதித்தது. பிறகு வங்கி கொஞ்சம் இறங்கிவந்தது. ஆனால் அந்தப் போக்கு நிற்கவில்லை. இன்று பேனலில் இருக்க விரும்பும் அலுவலகத்திடம் பல வங்கிகள் வீட்டுப் பத்திர வேலைக்கு லா சொசைட்டி தரும் சி.க்யூ.எஸ். தரச் சான்று கேட்கின்றன. காப்பீடு எவ்வளவு என்று பார்க்கின்றன. வருடத்துக்கு இத்தனை ஃபைலாவது வர வேண்டும் என்கின்றன. குறைந்தது இரண்டு பார்ட்னர் இருக்க வேண்டும் என்பதும் பல இடங்களில் விதி. உங்கள் சொலிசிட்டர் அடிபட்டது அநேகமாக இந்தக் கடைசி விதியில்தான். அவர் வேலையில் குறை என்று இதற்கு அர்த்தம் இல்லை. முப்பது வருடம் ஒரு புகாரும் வாங்காத தனி ஆள், தனி ஆள் என்பதாலேயே வெளியே நிற்கிறார். எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. மோசடிக்காரர் பார்ட்னர் எண்ணிக்கையைப் பார்த்து வருவதில்லை. மாதம் நூறு ஃபைல் ஓட்டும் பெரிய நிறுவனங்களில் ஒரு வாடிக்கையாளருக்கு மூன்று முறை ஆள் மாறுவதையும் பார்க்கிறேன். ஆனால் இந்த வழக்கை உங்கள் வீட்டை வைத்து நடத்த வேண்டாம்.

சரி, வழிகள் என்ன?

அவரையே வைத்துக்கொண்டு வங்கிக்குத் தனி சொலிசிட்டர் என்பது சட்டப்படி சரியான வழி, ஆனால் சில வங்கிகள் இதற்கே ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொண்டாலும் இரண்டு ஃபீஸ். அதைவிட நேரம் போவதுதான் எரிச்சல். உங்கள் ஆள் விற்பவர் தரப்பிடம் கேள்வி கேட்டு, பதில் வாங்கி, வங்கியின் ஆளுக்கு அனுப்புவார். அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்பார். அது திரும்ப ஒரு சுற்றுப் போகும். ஒருவர் விற்றால்தான் இன்னொருவர் வாங்க முடியும் என்ற சங்கிலியில் உங்களுக்கு மேலும் கீழும் நாலு குடும்பம் காத்திருந்தால் யாராவது ஒருவர் பொறுமை இழப்பார்.

பேனலில் சேர அவர் விண்ணப்பிக்கட்டும் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு பார்ட்னர் விதி என்றால் விண்ணப்பமே நிற்காது. உங்கள் மார்ட்கேஜ் ஆஃபருக்கும் கெடு உண்டு, பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம்.

வங்கியை மாற்றுவது? வீட்டுக் கடன் கொடுக்கும் சில பில்டிங் சொசைட்டிகளின் பேனல் அகலமானது, அவரையே ஏற்கலாம். ஆனால் வட்டி கால் சதவீதம் கூடினாலும் அந்த வித்தியாசத்தில் புது சொலிசிட்டரின் ஃபீஸ் முழுவதும் அடங்கிவிடும். புரோக்கரிடம் ஒரு கணக்குப் போடச் சொல்லிப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஆக, என் யோசனை: இன்னும் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) ஆகவில்லை என்பதால் இப்போதே ஆளை மாற்றுங்கள். பழையவரிடம் மரியாதையாகச் சொல்லி, இதுவரை செய்த வேலைக்கு மட்டும் பில் கேளுங்கள். பில் பாக்கி இருந்தால் ஃபைலைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டு, அதனால் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். சர்ச் பணம் வீண் என்று உடனே கவலைப்பட வேண்டாம். சர்ச் முடிவுகள் கம்ப்ளீஷன் நாளில், அதாவது சாவி கை மாறும் நாளில், ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி. உங்களுடையது புதிது. ஆனால் வேறு அலுவலகம் எடுத்த சர்ச் முடிவுகளை ஏற்பதா வேண்டாமா என்பது புது சொலிசிட்டரின் விருப்பம். பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஏற்பவரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சில நூறு பவுண்டு மிச்சம்.

புதியவரிடம் "பேனலில் இருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எல்லா பெரிய வங்கியும் இருக்கு" என்பார்கள். வங்கியின் பெயரைச் சொல்லி, இன்று இருக்கிறீர்களா, எந்தக் கிளை என்று கேளுங்கள். பல வங்கிகளின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ஒரே பெயரில் இரண்டு அலுவலகம் இருந்தால் சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ. அமைப்பின் பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். நீங்கள் வாங்குவது வீடு, அதனால் தப்பித்தீர்கள். உயரமான கட்டடத்தில் ஃபிளாட் என்றால், பேனலில் இருந்தும் "அந்த வேலை நாங்கள் எடுப்பதில்லை" என்கிற அலுவலகங்கள் 2022 கட்டடப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நிறைய.

இன்னொரு குழப்பமும் உண்டு. எஸ்டேட் ஏஜென்ட் "எங்கள் பேனல் சொலிசிட்டர்" என்று ஒருவரைக் காட்டுவார். அது வங்கியின் பேனல் இல்லை. பெரும்பாலும் கமிஷன் ஏற்பாடு. மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. புரோக்கர் கைகாட்டும் ஆளுக்கும் இதே கேள்வி: உங்களுக்கு இதில் எவ்வளவு வருகிறது? கேட்கலாம், தப்பில்லை. சொலிசிட்டரும் அதை உங்களிடம் சொல்லக் கடமைப்பட்டவர்.

இனி, நம் குடும்பங்களில் உண்மையாகவே ஃபைல் நின்றுபோகும் இடத்துக்கு வருகிறேன். டெபாசிட், அதாவது கடன் போக நீங்கள் போடும் பணம். அப்பா ஊரில் காணி விற்று அனுப்பியது கொஞ்சம், அக்கா தந்தது கொஞ்சம், சீட்டு எடுத்தது கொஞ்சம். "இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பேங்குக்குத் தெரிய வேண்டாம்" என்று சொலிசிட்டரிடம் மெதுவாகச் சொல்வார்கள். உங்களுக்கும் வங்கிக்கும் ஒரே சொலிசிட்டர் என்று மேலே சொன்னது இங்கேதான் கடிக்கும். டெபாசிட் உங்கள் சொந்தப் பணம் இல்லை என்று தெரிந்தால் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளின் கையேட்டிலேயே இருக்கிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் சொல்ல மாட்டார். ஆனால் நீங்கள் சம்மதிக்காவிட்டால் வங்கிக்காக வேலை செய்வதை நிறுத்தியாக வேண்டும். காரணம் சொல்லாமல் ஒரு சொலிசிட்டர் ஃபைலைத் திருப்பி அனுப்பினால் வங்கி என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த விஷயத்தில் நீதிமன்றமும் விளையாடவில்லை. 1990களில் லண்டன் க்வீன்ஸ்வேயில் ஒரு ஃபிளாட், விலை 2 லட்சத்து 20 ஆயிரம் பவுண்டு. அதை விற்பவரே 1 லட்சத்து 50 ஆயிரத்துக்குத்தான் வாங்குகிறார் என்பது வாங்குபவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் சேர்த்து வேலை செய்த சொலிசிட்டருக்குத் தெரியவந்தது. கடன் கொடுத்தவருக்குச் சொல்லவில்லை. பிறகு கடன் மூழ்கியது, அப்பீல் நீதிமன்றம் சொலிசிட்டர் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. வீட்டுப் பத்திர வேலை பார்க்கும் ஒவ்வொரு கன்வேயன்சரும் படித்து மிரண்ட வழக்கு அது. அதனால் உங்கள் புது ஆள் அக்காவின் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டால் கோபிக்காதீர்கள். அப்பாவும் அக்காவும் தந்தது கடன் இல்லை, பரிசுதான், வீட்டில் பங்கு கேட்க மாட்டோம் என்று அவர்களிடம் கடிதம் வாங்குங்கள். காணி விற்ற பத்திரத்தின் நகலை இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சீட்டுப் பணத்துக்கு மாதாமாதம் நீங்கள் கட்டியது கணக்கில் தெரிய வேண்டும். கையில் கொடுத்து கையில் வாங்கியதென்றால் அதை டெபாசிட்டில் சேர்க்கவே வேண்டாம், ஃபர்னிச்சருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலையில் புரோக்கருக்கு முதலில் ஃபோன் செய்யுங்கள். புது சொலிசிட்டரின் பெயரை வங்கி தன் பதிவில் மாற்றினால்தான் ஆஃபர் கடிதம் அவருக்குப் போகும்; இது மறந்துபோய் இரண்டு வாரம் தூங்கிய ஃபைல்கள் என் மேசையிலேயே இருந்தன. அப்புறம், ஆள் மாறும்போது கணக்கு எண்ணும் மாறும் என்பதை மோசடிக்காரர்களும் அறிவார்கள். டெபாசிட் அனுப்பச் சொல்லி வரும் ஈமெயிலை நம்பி ஒரு பவுண்டும் அனுப்பாதீர்கள். அலுவலகத்துக்கு நேரில் போய், கணக்கு எண்ணைத் தாளில் எழுதி வாங்கி வாருங்கள்.