அப்பா பேரு வேற ரேஷன் கார்டுல இருக்கு, என் காப்பீட்டு அட்டைல ஸ்டென்ட் வைக்க முடியுமா?

திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை பாக்குற ஒரு தம்பி கேட்டிருக்காரு. ஊர்ல இருக்குற அப்பாவுக்கு ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய் படம்) எடுத்ததுல அடைப்பு இருக்காம், ஸ்டென்ட் (குழாய் அடைக்காம விரிச்சு வைக்கிற சின்ன வலைக்குழாய்) வைக்கச் சொல்லிட்டாங்க. இவர்கிட்ட முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கு, ஆனா அப்பா அம்மா பேரு தர்மபுரி பக்கம் கிராமத்து ரேஷன் கார்டுல தனியா இருக்கு. தன் அட்டைய காட்டி பண்ணிடலாமான்னு கேக்குறாரு.

முடியாது தம்பி. இந்தத் திட்டத்துல குடும்பம்னா ரேஷன் கார்டுல பேரு இருக்கறவங்கதான், பெத்த அப்பாவே ஆனாலும் அந்த கார்டுல பேரு இல்லைன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. உடனே எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, அப்பா பேர அங்க நீக்கி நம்ம கார்டுல சேக்க ஓடுறது. அதுக்கே நாள் போயிடும், அதுக்குள்ள அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நடுவுல மாட்டிக்கிட்டவங்கள நானே பாத்திருக்கேன்.

உங்களுக்கு அது தேவையே இல்ல. அப்பாவும் அம்மாவும் தனி கார்டு, அப்போ அவங்க தனி குடும்பம், உங்க சம்பளம் அவங்க கணக்குல வராது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா அவங்க பேர்லயே அட்டை வாங்கிடலாம், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். முன்னாடி வரம்பு 72,000தான், அத மனசுல வச்சுக்கிட்டு இன்னும் பல பேரு நமக்கு கிடைக்காதுன்னு போறதே இல்ல.

வி.ஏ.ஓ. கிட்ட வருமான சான்று, ரேஷன் கார்டு, ஆதார், மூணையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்குற காப்பீட்டு மையத்துக்குப் போங்க, அப்பா நடமாடுற நிலைல இருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க, போட்டோ எடுப்பாங்க. போறதுக்கு முன்னாடி ஒரு வேலை, ஆதாரையும் ரேஷன் கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பேர எழுத்து எழுத்தா பாருங்க. ஒண்ணுல 'முருகேசன்', இன்னொண்ணுல 'முருகேஷ்'னு இருந்தா அங்க போய் நின்னு திரும்பி வரணும், பாதி பேரு அலையறது இதுக்குத்தான். பிளாஸ்டிக் அட்டை கைக்கு வர்றதுக்காக காத்திருக்க வேணாம், பதிவு நம்பர் கிடைச்சா போதும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. தனியார்னா, திட்டத்துல இருக்காங்களான்னு மட்டும் கேக்காதீங்க, இருதய சிகிச்சைக்கு இருக்காங்களான்னு கேளுங்க, சில எடத்துல எலும்புக்கு மட்டும் இருக்கும் இதயத்துக்கு இருக்காது. 1800 425 3993க்கு அடிச்சா சொல்லுவாங்க, டோல் ஃப்ரீதான். அப்புறம் அவசரத்துல கவுண்டர்ல பணத்த கட்டிடாதீங்க, முதல்ல கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கிற முறை இதுல கிடையாது. ஆஸ்பத்திரிதான் ரிப்போர்ட் எல்லாம் அனுப்பி முன் அனுமதி வாங்கணும், அது வந்தப்புறம்தான் ஸ்டென்ட்.

நெஞ்சு வலி அதிகமாயிட்டா இந்த பேப்பர் எதையும் பாக்காம நேரா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க. அங்கயும் அட்டை கேப்பாங்க, ஏன்னா காப்பீட்டுப் பணம் அந்த ஆஸ்பத்திரிக்கும் போகுது, ஆனா இல்லைன்னு திருப்பி அனுப்ப மாட்டாங்க.

டிஸ்சார்ஜுக்கு அப்புறம் மாசாமாசம் வாங்குற மாத்திரைய ஊர்ல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கேட்டுப் பாருங்க.