கயாக்கில் இடுப்பு ஆடுகிறதா?

கேள்வி: ஐயா, பழைய பிளாஸ்டிக் கயாக் (காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லிப் படகு) ஒன்று வாங்கினேன். உட்கார்ந்தால் இடுப்பின் இரண்டு பக்கமும் இடைவெளி. துடுப்புப் போடும்போது உடம்பு ஒரு பக்கம், படகு ஒரு பக்கம் போகிறது. மெத்தை ஸ்பாஞ்ச் வெட்டி அடைத்தேன், தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. வேறு என்ன வைக்கலாம்?
- வாசகர், தடா

பதில்: முதலில் அந்த ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் போடுங்கள் தம்பி. அதன் சின்னச் சின்னக் காற்று அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்திருக்கும், அதனால்தான் தண்ணீர் குடிக்கிறது. உங்களுக்கு வேண்டியது அறைகள் மூடிய ஃபோம், அதாவது லேசான செருப்புகளுக்கு அடியில் வருகிற ஈவிஏ ஷீட். தடாவில் மின்சார ரயில் ஏறி சென்னை மூர் மார்க்கெட்டில் இறங்கினால் பெரியமேடு நடக்கிற தூரம்தான். செருப்புச் சாமான் கடைகளில் கேளுங்கள். மென்மையான ரகமாகப் பாருங்கள்: கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே எழ வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை இரவு முழுக்கக் கல்லின் கீழே தண்ணீரில் போட்டு, காலையில் வெட்டிப் பாருங்கள். நடுவில் ஈரம் இருந்தால் ஆகாது.

தடிமன் போதாவிட்டால் ஷீட்டுகளை ஒட்டிக் கட்டையாக்கலாம். கட்டர் பிளேடை முழு நீளத்துக்கு வெளியே தள்ளி, புது பிளேடாக, ஒரே பக்கமாக இழுத்து இழுத்து வெட்டுங்கள். முன்னும் பின்னும் அறுத்தால் ஓரம் பிய்ந்துவிடும். அளவுக்குச் சற்றுப் பெரிதாகவே வெட்ட வேண்டும், மீதி எல்லாம் தேய்ப்பில்தான். ஃபைபர் படகு ஒட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கத்தியால் வளைவு எடுக்கப் பார்க்கிறவர்களுக்குப் பொறுமை இல்லை. முரட்டு உப்புத்தாளை, சொரசொரப்பு மேலே வர, ஃபோம் உட்காரப் போகும் இடத்தில் டேப் போட்டு ஒட்டுங்கள். அதன் மேல் ஃபோமைத் தேய்த்தால் படகின் வளைவு அப்படியே ஃபோமில் இறங்கிவிடும். உடம்பு படும் பக்கத்துக்குப் பைப்பில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்க்கலாம். தூசி நிறைய வரும், முகக்கவசம் போடுங்கள்.

உடனே ஒட்டிவிடாதீர்கள். டேப்பால் பிடிக்க வைத்து, தண்ணீரில் போடும் உடையோடு தரையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். கால் மரத்தால் இன்னும் தேய்க்க வேண்டும். இடுப்புக்கும் ஃபோமுக்கும் நடுவே விரல்களைத் தட்டையாக நுழைக்க முடிய வேண்டும். தொடைக்கு மேலே ஃபோம் கொக்கி மாதிரி வளைந்தால் பிடிமானம் கூடும், ஆனால் கவிழ்ந்தால் வெளியே வரவும் விடாது. இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வேண்டுமென்றே கவிழ்த்து வெளியே வந்து பாருங்கள். அதில் தேறாமல் பழவேற்காடு ஏரிக்குள் போகாதீர்கள். ஆழம் குறைவுதான், ஆனால் முகத்துவாரத்தில் இழுப்பு உண்டு.

ஒட்டுவதற்கு ஆசாரிகள் மைக்கா ஒட்டும் ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற பசை. வெள்ளை ஃபெவிகால் அல்ல. கயாக் பிளாஸ்டிக்கில் எந்தப் பசையும் லேசில் பிடிக்காது. அதனால் அந்த இடத்தைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, படகிலும் ஃபோமிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அமுக்குங்கள். வைத்த பின் நகர்த்த முடியாது. இருக்கையின் இரு பக்கமும் காது மாதிரி நிமிர்ந்த பகுதி இருந்தால் பசையே வேண்டாம். ஃபோமில் துளை போட்டு நாடாவால் கட்டிவிடுங்கள், வேண்டும்போது மாற்றலாம்.

கேள்வி: டிவி பெட்டியில் வந்த வெள்ளை ஃபோம் சும்மா கிடக்கிறது. அது ஆகுமா? தெர்மோகோல்?
- வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: வளைகிற வெள்ளை ஃபோம் தண்ணீர் குடிக்காது, ஆனால் தேய்த்தால் நார் நாராகப் பிய்யும். பாதம் உதைக்கும் இடத்தில் சதுரமாக வெட்டி அடைக்கலாம். தெர்மோகோல் வேண்டாம் அம்மா. நான் சொன்ன பசை அதைக் கரைத்துவிடும், உதிரும் மணி எல்லாம் ஏரிக்குத்தான் போகும்.

கேள்வி: சூடான கம்பியால் ஈவிஏ வெட்டலாமா?
- வாசகர், சூளூர்பேட்டை

பதில்: வெட்டலாம், புகையை யார் சுவாசிப்பது? ஓரமும் உருகி இறுகிப்போகும், அப்புறம் தேய்க்கக் கஷ்டம். பிளேடே போதும்.