கெழு ஒன்று, திட்டப்பிழை இரண்டு: எதை ஏற்பது?

கேள்வி: 60 பண்ணைகளின் தரவைக் கொண்டு மகசூலுக்கான தொடர்புப்போக்கு (ரிக்ரஷன்) சமன்பாட்டை ஸ்டேட்டாவிலும் ஆர் மென்பொருளிலும் கணக்கிட்டேன். பாசனத்தின் கெழு (பாசனம் ஓர் அலகு கூடினால் மகசூல் எவ்வளவு மாறும் என்னும் எண்) இரண்டிலும் 4.2, ஆனால் சீரற்ற சிதறலுக்காக (பிழைகளின் பரவல் பண்ணைக்குப் பண்ணை வேறுபடுவதற்காக) திருத்திய திட்டப்பிழை (அந்தக் கெழு எவ்வளவு தடுமாறக்கூடும் என்னும் அளவு) ஸ்டேட்டாவில் 2.05, ஆரில் 2.38. ஒன்றில், கெழு சுழியமல்ல என்னும் முடிவு 5 விழுக்காட்டு மட்டத்தில் தேறுகிறது, மற்றதில் தேறவில்லை. என் தரவில் பிழையா?

பதில்: தரவில் பிழையில்லை, மாறுபடுவது திருத்த வாய்பாடு மட்டுமே. 1980இல் பொருளியல் அறிஞர் ஹால்பர்ட் ஒயிட் முன்வைத்த மூல வாய்பாடு சிறிய மாதிரிகளில் திட்டப்பிழையைக் குறைத்துக் காட்டுவதால், பின்னர் அதற்குப் பல திருத்தங்கள் வந்தன. ஸ்டேட்டாவில் 'ரோபஸ்ட்' என்று மட்டும் எழுதினால் எச்.சி.1 என்னும் திருத்தமும், ஆரின் சாண்ட்விச் தொகுப்பில் எதையும் குறிப்பிடாமல் விட்டால் எச்.சி.3 என்பதும் இயங்கும். இவ்வளவு முக்கியமான தேர்வை முடிவுப் பட்டியலிலேயே பெயர் சொல்லி அச்சிடாமல் கையேட்டுக்குள் ஒளித்து வைக்கும் வழக்கம் எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

எச்.சி.1 எல்லாப் பண்ணைகளுக்கும் ஒரே பெருக்கெண்ணைப் போடுகிறது. மாறிலியோடு சேர்த்து 5 கெழுக்கள் இருந்தால், மூல வாய்பாட்டைவிடத் திட்டப்பிழை சுமார் 4 விழுக்காடு கூடும், அவ்வளவுதான். எச்.சி.3 ஒவ்வொரு பண்ணையும் சமன்பாடு வரையும் கோட்டினைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, அந்த இழுப்புக்கு ஏற்ப அதன் எச்சத்தை (உண்மை மகசூலுக்கும் கோடு காட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை) பெருக்குகிறது: இழுப்பு 0.6 என்றால் எச்சம் இரண்டரை மடங்காகும். உங்கள் இரு திட்டப்பிழைகளுக்கும் உள்ள இடைவெளி 16 விழுக்காடு என்பதால், மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகிய ஓரிரு பண்ணைகள் இருக்கக்கூடும். ஆரின் ஹேட்வேல்யூஸ் கட்டளை அவற்றைக் காட்டிவிடும். 60 என்பது சிறிய மாதிரி. ஆகவே 2.38ஐயே ஏற்றுக்கொள்ளுங்கள். ஸ்டேட்டாவிலும் எச்.சி.3ஐக் கேட்டால் அதே எண் வரும்.

ஒரு விலக்கு உண்டு. 'சொட்டுநீர் உண்டா, இல்லையா' போன்ற மாறியில் 'உண்டு' என்பது ஒரே ஒரு பண்ணைக்கு மட்டும் பொருந்தினால், கோடு அந்தப் பண்ணையின் மீதே போய் விழும்; அதன் இழுப்பு சரியாக 1, எச்சம் சுழியம். அப்போது எச்.சி.3 சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க முயன்று விடையின்றி நிற்கும். எச்.சி.1 நிற்காது; அந்த மாறியின் கெழுவுக்கு ஏமாற்றும் அளவுக்குச் சிறிய திட்டப்பிழையைத் தந்துவிடும். விடை வருகிறதே என்று எச்.சி.1க்குத் தாவாமல், அந்த மாறியை நீக்குங்கள் அல்லது வேறொரு வகையோடு சேர்த்துவிடுங்கள்.

பல்கலைக்கழக வாசல்களில் 'டேட்டா அனாலிசிஸ் செய்து தரப்படும்' என்று பலகை மாட்டியிருப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். முடிவு தேறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி விழும் வரை வாய்பாட்டை மாற்றி மாற்றி ஓட்டி, விழுந்த பட்டியலை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பவர்கள் அவர்களில் உண்டு. எந்த வாய்பாடு என்று ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கட்டளைக் கோப்பைத் தர மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து ஆய்வேட்டை எடைபோடும் துறைகள் இருக்கும் வரை இந்தக் கடைகளை யாரும் மூடப்போவதில்லை. உங்கள் அட்டவணையின் அடிக்குறிப்பில் திருத்தத்தின் பெயரையும் தொகுப்பின் பதிப்பு எண்ணையும் எழுதி, எச்.சி.1 தந்த 2.05ஐப் பின்னிணைப்பில் சேருங்கள்.