அடைவுத் தேர்வில் பின்தங்கிய பள்ளியை மாற்றலாமா?

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் பன்னிரண்டு பேர். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் அடைவுத் தேர்வில் பாதிப் பேர் கணக்கில் பின்தங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். பள்ளியை மாற்றிவிடலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: அவசரப்பட வேண்டாம், சகோதரி. பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒரே பிள்ளையின் விடைத்தாள் தேர்ச்சிச் சதவீதத்தை எட்டுப் புள்ளிகளுக்கு மேல் ஏற்றவோ இறக்கவோ செய்யும் என்பதால், ஓர் ஆண்டின் எண்ணைக் கொண்டு ஆசிரியரை எடைபோடுவது நியாயமன்று. 2021 நவம்பர் 12இல் நடந்த தேசிய அடைவு ஆய்வும், 2024 டிசம்பர் 4இல் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்த ‘பராக்’ எனும் தேசியக் கற்றல் மதிப்பீட்டு ஆய்வும்கூட மாதிரிப் பள்ளிகளைக் கொண்டு மாவட்டத்தின் நிலையை அறிய நடத்தப்பட்டவையே.

ஆனாலும் அந்த மதிப்பெண்ணைப் புறக்கணிக்கக் கூடாது. கிலோ 250 ரூபாய் வீதம் மூன்று கிலோ நண்டு என்ன விலை என்று கேட்டால், நம் கடற்கரைப் பிள்ளைகள் பலர் மணலில் நின்றபடியே 750 என்று சொல்லிவிடுவார்கள். அதே கணக்கு நான்கு வரிகளில் அச்சாகி, நான்கு விடைகளோடு வரும்போது தடுமாறுகிறார்கள். அங்கே குறைவது கணக்கறிவு அன்று, வாசிப்பு. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது.

மகளை வினாவை உரக்க வாசிக்கச் சொல்லி, எந்தச் சொல்லில் நிற்கிறாள் என்று கவனியுங்கள். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசுங்கள்.