1987 நவம்பர் 7, சிங்கப்பூர்: முதல் எம்ஆர்டி ஓடிய சனிக்கிழமை

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முந்தைய ஏதாவது ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று உங்கள் ஊரில் வாழ்க்கை, விலைவாசி, பொழுதுபோக்கு, செய்தி எல்லாம் எப்படி இருந்தன என்று சொல்ல முடியுமா?

நான் எடுத்துக்கொள்வது 1987 நவம்பர் 7. சிங்கப்பூரில் எம்ஆர்டி என்ற நகர விரைவு ரயில் முதன்முதலாக ஓடிய நாள். எனக்கு அப்போது பதினான்கு வயது. தோ பாயோவில் ஒரு மூவறை வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, தம்பி, நான் என்று ஐந்து பேர். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை.

விலைவாசியை முதலில் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். கோப்பிக்கடையில் ஒரு கோப்பி அரை வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் எங்களுக்கு சிங்கப்பூர் டாலர்). ஒரு தட்டு சிக்கன் ரைஸ் இரண்டு வெள்ளிக்குள். பொதுத் தொலைபேசியில் பத்துக் காசு போட்டால் உள்ளூரில் மூன்று நிமிடம் பேசலாம். பொன்னிறத்தில் ஒரு டாலர் நாணயம் வந்ததும் அந்த ஆண்டுதான். பாட்டி அதைச் செலவழிக்க மனமில்லாமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்.

ஆனால் பொருளின் விலையை மட்டும் சொல்லிவிட்டு "அந்தக் காலம் மலிவு" என்று முடிப்பது நியாயமில்லை. சம்பளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1985ல் இங்கே பொருளாதாரம் சுருங்கியது. அதைச் சமாளிக்க 1986ல் முதலாளிகள் மத்திய சேமநிதிக்குச் செலுத்தும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். தொழிலாளியின் பங்கு மட்டும் 25 விழுக்காடாகவே நின்றது. அப்பாவின் சம்பளத்தில் கால் பங்கு கைக்கே வராது, முதலாளி போடும் தொகையும் பாதிக்கு மேல் குறைந்துபோனது. வீட்டுக் கடன் அந்தச் சேமநிதியிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அதனால் அப்பா ஓவர்டைம் கிடைத்தால் விடமாட்டார். சனிக்கிழமை அரை நாள் வேலை அன்றைக்குப் பலருக்கும் வழக்கம். அரசாங்க ஊழியர்களுக்கே ஐந்து நாள் வாரம் 2004ல்தான் வந்தது.

அம்மா கவனித்த விலை வேறு: தங்கம். அக்டோபர் 19ல் நியூயார்க் பங்குச்சந்தை ஒரே நாளில் 22 விழுக்காட்டுக்கு மேல் விழுந்து, உலகச் சந்தைகள் எல்லாம் ஆடிப்போயிருந்தன. எங்கள் வீட்டில் பங்கு என்று ஒரு காகிதம்கூடக் கிடையாது. ஆனால் தங்கம் அவுன்ஸுக்கு 450 அமெரிக்க டாலரைத் தாண்டியிருந்தது. நம் கணக்கில் கிராம் முப்பது வெள்ளி வாக்கில். சின்ன அத்தை கல்யாணத்துக்கு ஊருக்கு இரண்டு சங்கிலி வாங்கி அனுப்ப வேண்டும் என்று அம்மா வருடக்கணக்கில் சீட்டுக் கட்டி வந்தார். இந்தியாவில் அப்போது தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, 1990ல்தான் நீக்கினார்கள். சிங்கப்பூர்த் தங்கத்துக்கு ஊரில் இருந்த மதிப்பு இப்போதைய பிள்ளைகளுக்குப் புரியாது. விலை ஏறிய செய்தி கேட்டதிலிருந்து அம்மாவுக்கு முகமே சரியில்லை.

சரி, என் பார்வையில் அன்றைய வாழ்க்கையில் மிக விலையுயர்ந்த பொருள் எது என்றால், தூரம். சாப்பாடு மலிவு, தூரம் விலை அதிகம். ஒரு வெள்ளிக்கு ஏறக்குறைய ஆறு ரூபாய் கிடைத்த காலம் அது. அப்பா அனுப்பும் நூறு வெள்ளி தஞ்சாவூர்ப் பக்கத்து கிராமத்தில் பெரிய பணம். ஆனால் அந்தப் பணம் கிடைத்ததா என்று அத்தையிடம் கேட்பதற்கு அப்பாவிடம் வழி இல்லை. அங்கே தொலைபேசி தபால் நிலையத்தில்தான். முன்கூட்டியே கடிதம் எழுதி, இன்ன நாள் இன்ன நேரம் அங்கே வந்து காத்திருங்கள் என்று சொல்லி வைக்க வேண்டும். இணைப்பு கிடைத்து மூன்று நிமிடம் பேசினால் அப்பாவின் ஒரு நாள் கூலியில் பெரும்பகுதி போய்விடும். அந்த மூன்று நிமிடத்திலும் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே கரையும்.

முன்பு கப்பலாவது இருந்தது. பாட்டி வந்ததே கப்பலில்தான். மெட்ராஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தப் பயணிகள் கப்பல் சேவை நின்றுபோனது. அதன்பிறகு ஊருக்குப் போவதென்றால் விமானம் மட்டும்தான். ஐந்து பேர் குடும்பம் விமானம் ஏறுவது எங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாத செலவு. பாட்டி தன் தம்பியைக் கடைசியாகப் பார்த்தது அந்தக் கப்பல் ஓடிய நாட்களில்தான்.

இந்தப் பின்னணியில்தான் ரயில் வந்தது. முதல் கட்டத்தில் ஐந்தே நிலையங்கள்: இயோ சூ காங், அங் மோ கியோ, பீஷான், பிரேடல், தோ பாயோ. மொத்தம் ஆறு கிலோமீட்டர். குறைந்த கட்டணம் 50 காசு. தொடர்பு, தகவல் அமைச்சர் டாக்டர் இயோ நிங் ஹொங் தோ பாயோ நிலையத்தில் திறந்துவைத்தார். எங்கள் வட்டாரமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களை அழைத்துப் போனார்.

எங்கேயும் போவதற்காக ஏறவில்லை. இயோ சூ காங் வரை போய்த் திரும்பி வந்தோம், அவ்வளவுதான். கூட்டத்தில் பெரும்பாலோர் அப்படித்தான். பின்பக்கம் காந்தப் பட்டை ஒட்டிய சிறிய டிக்கெட், அதைக் கதவு விழுங்கிவிட்டு அந்தப் பக்கம் துப்பும். பாட்டிக்குத் தானியங்கிப் படிக்கட்டு பழக்கமில்லை. ஒரு சீனப் பாட்டி இவர் கையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமல் மலாயில் "பெலான், பெலான்" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள். ரயிலுக்குள் சாப்பிட்டால், குடித்தால் 500 வெள்ளி அபராதம் என்று எழுதியிருந்தது. அம்மா தம்பிக்காகக் கொண்டு வந்த முறுக்கைப் பைக்குள்ளேயே ஆழமாகத் தள்ளிவிட்டார்.

தோ பாயோவும் பிரேடலும் நிலத்தடியில். பிரேடல் தாண்டியதும் ரயில் வெளிச்சத்துக்கு வரும், அடுத்தது பீஷான். ரயில் வெளியே வந்த அந்த நொடியில் பெட்டி முழுக்க "ஆ" என்று சத்தம். பீஷான் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த நகர். அதற்கு முன் அது பெக் சான் தெங் என்ற பெரிய சீன இடுகாடு. எண்பதுகளில்தான் கல்லறைகளை எடுத்துவிட்டு வீடு கட்டினார்கள். அதனால் நிலையம் திறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் பேய்க் கதைகள் ஓடத் தொடங்கிவிட்டன. தம்பி பீஷானில் கதவு திறந்தபோது கண்ணை மூடிக்கொண்டான்.

சுரங்கத்துக்குள் ரயில் ஓடும்போது அப்பா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "இதைத் தோண்டினவங்கதான்பா ஓவன் ரோட்டுல ஆளுங்கள எடுத்தாங்க." 1986 மார்ச் 15ல் சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சந்திக்கும் இடத்தில் ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து விழுந்தது. 33 பேர் இறந்தார்கள், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பெரிய இயந்திரங்களால் இடிபாடுகளை வாரினால் உள்ளே இருப்பவர்கள் நசுங்கிவிடுவார்கள் என்று, எம்ஆர்டி சுரங்க வேலைக்காக வந்திருந்த வெளிநாட்டு நிபுணர்கள் இடிபாட்டுக்குள் சிறு சுரங்கம் குடைந்து போனார்கள். கட்டடத்தை வடிவமைத்தபோது அதன் சொந்த எடையையே கணக்கில் சேர்க்கவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியா கடைவீதிக்குப் போகும் குடும்பங்களுக்கெல்லாம் அது பழகின சாலை. முதல் ரயில் பயணத்தின்போது அப்பாவுக்கு அந்த மனிதர்களின் நினைவு வந்தது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது.

தேக்காவுக்கு ரயில் அன்று இல்லை. ஐந்து வாரத்தில், டிசம்பர் 12ல், தடம் ஊட்ரம் பார்க் வரை நீண்டது. அப்போதும் தேக்காவுக்கு டோபி காட் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். லிட்டில் இந்தியா நிலையம் 2003ல்தான் திறந்தது. அதனால் சனிக்கிழமை மாலை நாங்கள் வழக்கம்போல பஸ் பிடித்தே போனோம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், பாட்டிக்கு வெற்றிலை. அப்புறம் வீடியோ கேசட் கடை.

பொழுதுபோக்கு என்றால் அந்தக் கேசட்தான். அந்தத் தீபாவளிக்கு கமல் நடித்த 'நாயகன்', ரஜினி நடித்த 'மனிதன்' இரண்டும் ஊரில் ஒரே நாளில் வெளியாகியிருந்தன. நவம்பர் 7 கமலின் பிறந்தநாள்கூட, அன்று அவருக்கு 33. கடையில் இரண்டு படங்களுக்கும் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்தவர்கள் ஏராளம். எங்களுக்குக் கிடைத்தது ஏதோ பழைய படம். அது போகத் தொலைக்காட்சியில் எட்டாம் ஒளிவழியில், சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே தமிழுக்கு ஒதுக்கிய நேரம். அந்த நேரத்தில் எங்கள் புளோக்கில் நடைபாதையில் நடந்தால் தமிழ் வீடு எது எது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். வானொலி காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். தமிழ் முரசு அப்பாவுக்கு, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கம் வரை ஒரு வரி விடமாட்டார்.

கிரிக்கெட் துக்கம் வேறு. இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, பம்பாயில் உலகக் கோப்பை அரையிறுதி. இங்கிலாந்தின் கிரகாம் கூச் நம் சுழற்பந்தை ஸ்வீப் அடித்தே 115 எடுத்தார், இந்தியா 35 ரன்னில் தோற்றது. கவாஸ்கருக்கு அதுவே கடைசி சர்வதேச ஆட்டம், எடுத்தது 4. அப்பாவும் மாடியில் இருந்த அவர் நண்பரும் சனிக்கிழமைகூட அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் கல்கத்தாவில் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா இங்கிலாந்தை ஏழு ரன்னில் வென்றபோது, பழிவாங்கியது போல இருவருக்கும் ஒரு நிம்மதி.

உலகச் செய்தியில் அன்று துனீசியாவில் முதிய அதிபர் புர்கிபாவை அவருடைய பிரதமர் பென் அலி பதவி நீக்கினார். எங்கள் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் மாடியில் பேசப்பட்ட செய்தி யாழ்ப்பாணம்.

எதிர்வீட்டு ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக் குடும்பம். சிங்கப்பூரில் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய உண்டு, அவர்களில் பலர் மலாயா காலத்திலேயே ரயில்வேக்கும் அரசாங்க வேலைக்கும் வந்தவர்கள். ஆன்ட்டியின் அக்கா குடும்பம் மட்டும் அங்கேயே இருந்தது. ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் ஒப்பந்தம் போட்டு இந்திய அமைதிப்படை போனபோது ஆன்ட்டி சந்தோஷப்பட்டார். அக்டோபரில் அந்தப் படைக்கும் புலிகளுக்கும் இடையிலேயே சண்டை மூண்டது. தீபாவளி நாளான அக்டோபர் 21ல் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அது எங்களுக்கு முழுதாகத் தெரியவந்தது வெகுநாள் கழித்து. நாங்கள் இங்கே பலகாரத் தட்டு மாற்றிக்கொண்ட அதே நாள்.

நவம்பர் 7 அன்று ஆன்ட்டிக்கு அக்காவிடமிருந்து தகவல் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. அன்று ரயிலுக்கு வரச் சொல்லி அம்மா கூப்பிட்டார், "நீங்க போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டார். இரவு, நள்ளிரவை ஒட்டி, சிற்றலையில் பிபிசி தமிழோசை வரும். அப்பாவின் ரேடியோ நல்ல ரேடியோ என்பதால் ஆன்ட்டி எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு ஊர்ப் பெயராகக் கேட்டு, தன் அக்காவின் ஊர் வருகிறதா என்று பார்ப்பார். என் அப்பா இந்தியாவில் பிறந்தவர், அது இந்தியாவின் ராணுவம். அந்த நிகழ்ச்சி முடியும்வரை அப்பா ஆன்ட்டியை நிமிர்ந்து பார்க்கமாட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ரேடியோவைத் திருகிச் சரியான அலைவரிசையில் நிறுத்துவது ஒவ்வொரு இரவும் அப்பாதான்.

இன்று யாழ்ப்பாணத்தோடு வீடியோவில் காசில்லாமல் பேசுகிறோம், என் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூர்ச் சொந்தங்களின் முகம் தெரியும். கோப்பி விலை ஏறியதைப் பற்றி என்னிடம் குறைப்படுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

ஆன்ட்டியின் அக்காவிடமிருந்து கடிதம் ஜனவரியில் வந்தது, கொழும்புக்குப் போன யாரோ கையில் கொடுத்து அங்கிருந்து தபாலில் போட்டது. சண்டை நடந்த நாட்களில் ஆயிரக்கணக்கானவர்களோடு நல்லூர்க் கோயிலில் தங்கியிருந்தார்களாம், எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், வீட்டுக் கூரை மட்டும் போய்விட்டது என்று எழுதியிருந்தார். கூரைக்குப் பணம் அனுப்ப ஆன்ட்டி சீட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டியிருந்தது. அந்த மாதம் சீட்டு அம்மாவுடைய முறை, அம்மா விட்டுக்கொடுத்தார். சின்ன அத்தைக்கு ஒரு சங்கிலிதான் போனது.