தாத்தா விரல்

அன்புள்ள ஐயா,

குளித்துவிட்டு வந்த என் ஏழு வயது மகள் விரல்களை நீட்டி, "அம்மா, தாத்தா விரல் ஆயிடுச்சு பாரு" என்று சிரித்தாள். ஏன் இப்படிச் சுருங்குகிறது என்று கேட்டாள். தோல் தண்ணீரைக் குடித்து உப்பிவிடுகிறது, இடம் போதாமல் மடிகிறது என்று சொன்னேன். நான் படித்தது அப்படித்தான். மறுநாள், "அப்போ வயிறு ஏன் சுருங்கல? அதுவும்தானே தண்ணியில இருந்துச்சு?" என்றாள். பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது நான் சொன்னதே தவறு என்று தெரிந்தது. "தெரிந்தால் சொல், இல்லாவிட்டால் டீச்சரிடம் கேட்கச் சொல். விளையாட்டுப் பேச்சில் பாடம் நடத்தினால் தப்பும் தவறுமாகத்தான் மனதில் பதியும்" என்கிறார் கணவர். அவர் சொல்வது சரிதானோ என்று எனக்கும் தோன்றுகிறது. தினமும் இரவில் நாங்கள் இருவரும் இப்படி எதையாவது பேசிச் சிரிப்பது வழக்கம். அதை நிறுத்திவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

நிறுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் மகளின் இரண்டாவது கேள்வி. அந்தக் கேள்வி வந்ததே நீங்கள் இருவரும் அப்படிப் பேசிப் பழகியதால்தான்.

நீங்கள் சொன்ன பதிலைப் பல காலம் படித்தவர்களும் சொல்லிவந்தார்கள். அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்க முடியும். தோல் தண்ணீரைக் குடித்துத்தான் மடிகிறது என்றால் எல்லா இடத்துத் தோலும் மடிய வேண்டும். அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். அங்கே சுருக்கம் இல்லை. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிமன், அதனால் அங்கே மட்டும் ஊறுகிறது என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1936இல் தாமஸ் லூயிஸ், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய ஒரு செய்தி அந்தச் சமாதானத்தையும் கவிழ்த்துவிடுகிறது. கையில் நரம்பு சேதமடைந்த நோயாளிகளுக்கு, அந்த நரம்பு செல்லும் விரல்கள் மட்டும் தண்ணீரில் சுருங்கவில்லை. அதே கை, அதே தடித்த தோல், அதே தண்ணீர். உணர்ச்சி உள்ள விரல் சுருங்குகிறது, உணர்ச்சி அற்றுப்போன விரல் வழவழப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் சுருங்கச் சொல்வது நரம்புதான். நடப்பது இதுதான்: விரல் நுனியில் இருக்கும் ஏராளமான வியர்வைத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. தோலில் இருக்கும் உப்பின் அளவு மாறுகிறது. அதை உணர்ந்து நரம்புகள் வேலைசெய்ய, விரலுக்குள் ஓடும் சிறிய இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இரத்தம் குறைந்ததும் உள்ளே இருக்கும் சதையின் பருமன் கொஞ்சம் குறைகிறது. மேலே இருக்கும் தோலோ அதே அளவில்தான் இருக்கிறது. பஞ்சு குறைந்த தலையணையில் உறை எப்படித் தொளதொளத்து மடிகிறதோ, அப்படித்தான் இதுவும். நீங்கள் உப்புகிறது என்றீர்கள். உண்மையில் உள்ளே வற்றுகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை அவளிடம் சொல்லிப் பாருங்கள், அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க எனக்கே ஆசையாக இருக்கிறது.

இதை மருத்துவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1973 வாக்கில் இது ஒரு எளிய பரிசோதனையாகவே எழுதப்பட்டது. 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 நிமிடம் கையை வைத்திருக்க வேண்டும், எந்த விரல் சுருங்கவில்லை என்று பார்க்க வேண்டும். வாய் திறந்து பதில் சொல்ல முடியாத சிறு குழந்தைக்கு நரம்பு வேலை செய்கிறதா என்று அறிய ஊசியால் குத்த வேண்டியதில்லை, ஒரு பாத்திரம் வெந்நீர் போதும்.

சரி, உடம்பு ஏன் இந்த வேலையைச் செய்ய வேண்டும்? இது இன்னும் முடியாத கதை. வண்டிச் சக்கரத்து டயரில் பள்ளங்கள் இருப்பதுபோல, ஈரத்தில் வழுக்காமல் பிடிக்கத்தான் இந்த மடிப்புகள் என்று ஒரு கருத்து. 2013இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். தண்ணீருக்குள் கிடக்கும் கோலிக்குண்டுகளை எடுத்து ஒரு துளை வழியாக மற்றொரு கைக்கு மாற்றி இன்னொரு பெட்டியில் போட வேண்டும். சுருங்கிய விரல்களோடு செய்தவர்கள் சுமார் 12 சதவீதம் வேகமாக முடித்தார்கள். காய்ந்த கோலிக்குண்டுகளில் வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டே பெர்லினில் வேறு ஆய்வாளர்கள் இதே மாதிரி செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு ஈரத்திலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பெரிய ஆய்வகங்கள் கோலிக்குண்டை வைத்து இன்னும் தீர்க்காத ஒரு விஷயம் உங்கள் குளியலறையில் இருக்கிறது. இதை டீச்சரிடம் மட்டும் ஏன் விட வேண்டும்?

உங்கள் கணவரின் கவலையை நான் ஒதுக்கவில்லை. தவறான பதில் மனதில் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை, அதுவும் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னது என்றால் இன்னும் நன்றாக ஒட்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி, அதே சிரிப்போடு திரும்பிப் போய், "நேத்து நான் சொன்னது தப்பு, உன் வயிறுதான் கண்டுபிடிச்சிருக்கு" என்று சொல்வதுதான். ஒரு பெரிய மனுஷி தன் பதிலை மாற்றிக்கொள்வதை ஏழு வயதில் பார்ப்பது, நரம்பையும் இரத்தக் குழாயையும் தெரிந்துகொள்வதைவிடப் பெரிய படிப்பு என்று நான் நினைக்கிறேன்.

விளையாட்டாகப் பேசினால் விஷயத்தின் கனம் குறைந்துவிடும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மின்சாரத்தைப் பற்றி அவ்வளவு கண்டுபிடித்த மைக்கேல் ஃபாரடே, 1860ஆம் ஆண்டுக் கடைசியில் தொடங்கி லண்டனில் சிறுவர்களைக் கூட்டிவைத்து ஆறு நாள் பேசினார். ஆறு நாளும் ஒரே பொருள், மெழுகுவத்தி. அதை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் சற்று மேலே நெருப்பைக் காட்டினார். நெருப்பு புகையின் வழியே காற்றில் இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொண்டது. மாயவித்தைபோல இருக்கும். எரிவது திரி மட்டும் இல்லை, மெழுகின் ஆவிதான் என்று அதைப் பார்த்த பிள்ளைக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. (நீங்கள் கூட இருந்து செய்து காட்டலாம்.)

நான் ஒதுங்கிப்போவது வேறொரு வகைப் பேச்சிலிருந்து. "உங்களுக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்து ஒரு தகவலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவுவது. அதில் குழந்தைக்கு வியப்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை. உங்கள் வீட்டில் அப்படி இல்லை என்பதற்கு அந்த வயிற்றுக் கேள்வியே சாட்சி.

இன்னொன்றும் அவளிடம் சொல்லுங்கள். அமெரிக்காவில் பிங்கம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கை ஜெர்மன் (Guy German) என்ற பேராசிரியர் சிறுவர்களின் கேள்விக்குப் பதிலாக இந்த விரல் சுருக்கத்தைப் பற்றி எழுதினார். அதைப் படித்த ஒரு பிள்ளை, "ஒவ்வொரு தடவையும் சுருக்கம் ஒரே மாதிரியா விழுமா?" என்று கேட்டது. அவருக்குப் பதில் தெரியவில்லை. ஆய்வகத்துக்குப் போய், விரல்களை வெந்நீரில் வைத்துப் படமெடுத்து, குறைந்தது ஒரு நாள் கழித்து மறுபடி எடுத்து, கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே மாதிரிதான் விழுந்தது, உள்ளே இரத்தக் குழாய்கள் அவ்வளவாக இடம் மாறுவதில்லை என்பதால். 2025இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது.

அவள் குளிக்கும்போது ஒரு கையை இளஞ்சூடான தண்ணீரிலும் மற்றதைக் குளிர்ந்த தண்ணீரிலும் வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கை முதலில் தாத்தா ஆகிறது, எத்தனை நிமிடத்தில் என்று நீங்கள் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்த முறை ஒரு கைக்கு மட்டும் தண்ணீரில் நன்றாக உப்புக் கரைத்து வைக்கலாம். கணவரையும் கூப்பிடுங்கள், நிமிடங்களைக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். முதலில் எந்தக் கை ஜெயிக்கும் என்று மூவரும் தனித்தனியாக எழுதி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், அப்புறம் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்