செவ்வாயின் காற்று எங்கே போனது?

காரைக்குடி மாணவி ஒருவர் கேட்கிறார்: செவ்வாயின் காற்று ஏன் இத்தனை மெல்லியது, காரணம் எப்படித் தெரிந்தது?

அங்கே தரையில் காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு சதவீதம்கூட இல்லை. கோள் சிறியது, ஈர்ப்பு குறைவு. கோள் முழுவதையும் காத்த காந்தப்புலமும் மறைந்துவிட்டதால், சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்று வளிமண்டலத்தின் மேலடுக்கை அரித்துக்கொண்டே இருக்கிறது.

துப்புக் கொடுத்தது ஆர்கான். எவ்வளவு அழகான வழி! அந்த வாயு எதனோடும் வினைபுரியாது. குறைந்திருந்தால் விண்வெளிக்குத்தான் போயிருக்க வேண்டும். செட்டிநாட்டு வளவில் சுளகால் புடைக்கும்போது பதர் முதலில் பறப்பதுபோல, ஆர்கானின் இரு வகைகளில் இலேசான ஆர்கான்-36 அதிகம் தப்புகிறது. கனமான ஆர்கான்-38 தங்குகிறது. இந்த இரண்டின் விகிதத்தை மேலே நாசாவின் மேவன் விண்கலமும் தரையில் கியூரியாசிட்டி ஊர்தியும் அளந்தன. 2017இல் வெளியான முடிவு: ஆர்கானில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. நம் மங்கள்யானும் மேல்வளிமண்டலத்தை ஆராய மென்கா என்ற கருவியைச் சுமந்து சென்றது.